சாவி வைக்கப் போனவள்: ஹாலோவீன் படங்கள், கடைசியிலிருந்து முதல் வரை

ஹாலோவீன் வரிசைப் படங்களைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. பத்துப் பட்டியல் படித்தால் பத்தும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலிடம் 1978இல் வந்த முதல் படத்துக்கு. அதற்கு அடுத்த இடங்களில் 1981இன் இரண்டாம் பாகம் சொகுசாக உட்கார்ந்திருக்கும். கடைசி இடம் பஸ்டா ரைம்ஸ் குங்ஃபூ உதை விட்ட 2002 படத்துக்கு. மூன்றாம் பாகம் மட்டும் எழுதுகிறவரின் வயதைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

இதுவும் ஒரு பட்டியல்தான். ஆனால் சண்டை போடுவதற்காகவே எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பட்டியலில் 13ஆவது இடம், அதாவது கடைசி இடம், அந்த இரண்டாம் பாகத்துக்கு. அது மோசமாக எடுக்கப்பட்ட படம் இல்லை. அது சொல்லும் ஒரே ஒரு பொய்யை என்னால் மன்னிக்க முடியவில்லை. (கதை தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் 1978 படத்தை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். 91 நிமிடம்தான். மற்றவற்றின் கதை தெரிவதால் உங்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.)

முதல் படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1963, ஹாலோவீன் இரவு. இல்லினாய் மாநிலத்தில் ஹேடன்ஃபீல்ட் என்ற கற்பனை ஊர். மைக்கேல் மையர்ஸ் என்ற ஆறு வயதுப் பையன் தன் அக்காவைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். ஏன் என்று அவனும் சொல்லவில்லை, படமும் சொல்லவில்லை. 15 வருடம் மனநலக் காப்பகத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு 1978இல் தப்பித்து ஊருக்கு வருகிறான். அன்று காலை லாரி ஸ்ட்ரோட் என்ற பள்ளி மாணவி, வீடு விற்றுக்கொடுக்கும் தொழில் செய்கிற அப்பா சொன்னார் என்பதற்காக, பூட்டிக் கிடக்கும் மையர்ஸ் வீட்டு வாசலில் மிதியடிக்கு அடியில் ஒரு சாவியை வைக்கிறாள். உள்ளே இருட்டில் நின்று அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்று முழுக்க அவளைப் பின்தொடர்கிறான். இரவில் அவள் தோழிகளைக் கொல்கிறான். அவளையும் கொல்லப் பார்க்கிறான்.

ஏன் அவள்? சாவி வைக்கப் போனாள். முதல் படத்தில் இதற்கு மேல் ஒரு பதிலும் கிடையாது.

மூன்று வருடம் கழித்து வந்த இரண்டாம் பாகம் ஒரு பதிலைக் கொண்டுவருகிறது. முத்திரையிட்ட அரசாங்கக் கோப்பு ஒன்று இருந்ததாம். லாரி உண்மையில் மைக்கேலின் தங்கையாம். பெற்றோர் இறந்ததும் ஸ்ட்ரோட் குடும்பம் தத்தெடுத்துக்கொண்டதாம். ஆக அவன் யாரோ ஒரு பெண்ணைத் தேடி வரவில்லை, தன் தங்கையைத் தேடித்தான் வந்தான். தியேட்டரில் எல்லோரும் 'ஓஹோ' என்றிருப்பார்கள். அந்த ஓஹோவில்தான் என் சண்டை தொடங்குகிறது.

*

நான் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால், காலையில் 'ரூட் காஸ்' என்ன என்று அறிக்கை எழுதித் தர வேண்டும். "தெரியவில்லை" என்று எழுதினால் மேனேஜர் ஏற்க மாட்டார். காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்பது எங்கள் தொழிலின் சமயம். அந்தப் பழக்கம் வேலையோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்துவிட்டது.

என் பெரியம்மா மகள் ஒருநாள் மாலை வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். சைக்கிளில் வந்த ஒருவன் பிளேடால் அவள் கையைக் கிழித்துவிட்டுப் போய்விட்டான். முழங்கைக்குக் கீழே 12 தையல். அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆள் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டவர் கேட்டார்: "யாரும்மா அவன்?" ஸ்டேஷனில் எழுதிக்கொண்டவர் கேட்டார்: "உனக்கு எப்படிப் பழக்கம்?" வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் சுற்றி வளைத்து அதையே கேட்டார்கள். நானும் கேட்டேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை. "நல்லா யோசிச்சுப் பாருக்கா, முன்னாடி எங்கயாச்சும் பாத்திருக்கியா?" அவள் ஒவ்வொரு முறையும் இல்லை என்றாள். மூன்றாவது முறை என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவினர் இன்னொருவரிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கதையில் அவன் அக்காவோடு காலேஜில் படித்தவன். ஒருதலைக் காதல். லெட்டர் கொடுத்தான், இவள் கிழித்துப் போட்டாள். பெயர் மட்டும்தான் இல்லை, மற்றபடி முழுத் திரைக்கதை. சாம்பாரை ஊற்றிக்கொண்டே எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பாடா, காரணம் கிடைத்துவிட்டது. நம் வீட்டுப் பெண்கள் யாரும் அப்படி லெட்டரைக் கிழிப்பவர்கள் இல்லையே, நமக்கு ஒன்றும் ஆகாது.

எங்கள் சொந்தக்காரர்கள் எடுத்த ஹாலோவீன் 2 அது.

அதனால் என் பட்டியலுக்கு அளவுகோல் ஒன்றே ஒன்று: 'ஏன் அவள்?' என்ற கேள்வியை இந்தப் படம் என்ன செய்கிறது? ஒளிப்பதிவு, நடிப்பு, கொலைகளின் எண்ணிக்கை எல்லாம் இரண்டாம் பட்சம். இது நியாயமான அளவுகோலா என்றால், இல்லை. தரவரிசை எதுவும் நியாயமானதில்லை. மற்றவர்கள் தங்கள் அளவுகோலைச் சொல்லாமல் அளக்கிறார்கள், நான் சொல்லிவிட்டு அளக்கிறேன்.

இந்த 13 படங்களும் ஒரே கதை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மென்பொருள்காரர்களுக்கு எளிதாகப் புரியும்: இது ஐந்து பிராஞ்ச் உள்ள ஒரு ரெபோ. 1, 2, 4, 5, 6 ஒரு கதை. 1, 2, பிறகு 1998, 2002 படங்கள் இன்னொரு கதை. மூன்றாம் பாகம் தனி. ராப் ஸாம்பியின் இரண்டு படங்கள் தனி. 1978 படத்துக்கு நேராக 2018 படத்தை ஒட்டவைத்து, அதிலிருந்து மூன்று படங்கள் கடைசிக் கதை. யாரும் எதையும் மெர்ஜ் செய்யவில்லை. அடுத்தவன் எழுதிய கோடு பிடிக்கவில்லை என்றால் பழைய இடத்துக்குப் போய்ப் புதிய பிராஞ்ச் போட்டுவிடுவார்கள்.

*

13. ஹாலோவீன் 2 (1981)

ரிக் ரோசன்தால் இயக்கியது. எழுதியவர்கள் முதல் படத்தை எழுதிய அதே ஜான் கார்ப்பென்டரும் டெப்ரா ஹில்லும். அதே இரவின் தொடர்ச்சி. ஆள் நடமாட்டமில்லாத ஆஸ்பத்திரி வராந்தாக்களில் பயமுறுத்தும் காட்சிகள் உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் அந்தத் தங்கை! பீர் குடித்துக்கொண்டே எழுதியதாகவும், சொல்வதற்குக் கதை எதுவும் மிச்சமில்லாத நிலையில்தான் இந்த யோசனை வந்ததாகவும் கார்ப்பென்டரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த ராத்திரி பீர், அடுத்த 30 வருடத்துக்கு இந்த வரிசையின் தலையெழுத்தாகிவிட்டது. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. முதல் படத்தைத் தொலைக்காட்சியில் போடுவதற்கு நீளம் போதவில்லை என்று, இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பின்போதே சில புதிய காட்சிகள் எடுத்துச் சேர்த்தார்கள். அதில் மைக்கேல் தப்பித்த அறையின் கதவில் 'தங்கை' என்ற பொருளில் ஆங்கிலச் சொல் கீறப்பட்டிருக்கும். அதாவது பழைய வெர்ஷனுக்கே பேட்ச் போட்டுவிட்டார்கள். அன்று தொலைக்காட்சியில் முதல்முறை பார்த்தவர்களுக்கு, சாவி வைக்கப் போன லாரி கிடைக்கவே இல்லை.

இந்தத் திருப்பம் என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முதல் படம் முடிந்து வீட்டுக்குப் போகும் பெண் தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பாள். இரண்டாம் பாகம் முடிந்து போகிறவளுக்கு அந்தக் கவலை இல்லை. அவள் மைக்கேல் மையர்ஸின் தங்கை இல்லையே. பேய்ப்படத்தின் வேலை பயமுறுத்துவது. இந்தப் படம் தூங்க வைக்கிறது.

12. மைக்கேல் மையர்ஸின் சாபம் (1995)

ஆறாம் பாகம். ஏன் அவள் என்பதற்கு விடை: தங்கை. ஏன் தங்கை? முள் என்ற பெயரில் ஒரு பழங்கால ட்ரூயிட் சாபம், அதைச் சுமப்பவன் தன் குடும்பத்தையே கொல்ல வேண்டும், அதற்கு ஒரு ரகசியக் கூட்டம், வானத்தில் நட்சத்திரங்களின் அமைப்பு... ஜாதகப் பொருத்தம் பார்க்காததுதான் பாக்கி. ஒரு பொய்யான காரணத்தைச் சொன்னால் அதைத் தாங்கிப்பிடிக்க இன்னொரு காரணம் வேண்டும், அதற்கு இன்னொன்று. 14 வருடத்தில் ஒரு பீர் யோசனை ஒரு மதமாகவே ஆகிவிட்டது. டாக்டர் லூமிஸாக நடித்த டொனால்ட் ப்ளெசன்ஸ் படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார். அவருக்கு இதைவிட நல்ல வழியனுப்பு கிடைத்திருக்க வேண்டும்.

11. ஹாலோவீன் (2007)

ராப் ஸாம்பியின் மறு ஆக்கம். பாதிப் படம் மைக்கேலின் குழந்தைப் பருவம். குடிகார மாற்றாந்தந்தை, கிளப்பில் ஆடும் அம்மா, பள்ளியில் அடிக்கும் பையன்கள், செத்த பிராணிகள். உழைத்து எடுத்திருக்கிறார், அதுதான் வருத்தம். கொலைகாரனுக்கு ஒரு மணி நேர ஃப்ளாஷ்பேக், அவன் கொல்லப்போகிறவளுக்கு மிச்சமிருக்கிற இடத்தில் ஒரு ஓரம். செய்திகளில் கொன்றவன் எவ்வளவு நல்ல பையனாக இருந்தான் என்று அக்கம்பக்கத்தார் பேட்டி கொடுக்கும்போது எனக்கு இந்தப் படம்தான் ஞாபகம் வரும்.

10. ஹாலோவீன் 5 (1989)

லாரியின் மகள் ஜேமி, ஒன்பது வயதுச் சிறுமி. மாமன் கொல்லக் கிளம்பினால் இவளுக்கு வலிப்பு வருகிறது. கறுப்பு உடையில் யாரோ ஒருவன் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துகொண்டே இருக்கிறான். யாரவன்? தெரிந்துகொள்ள ஆறு வருடம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்களுக்குக் கிடைத்ததுதான் மேலே சொன்ன சாபம். டேனியல் ஹாரிஸ் என்ற அந்தக் குழந்தையின் நடிப்புக்காகப் 10.

9. ஹாலோவீன்: ரிசரெக்‌ஷன் (2002)

எல்லோரும் கடைசியில் தள்ளுகிற படம். சில மாணவர்களின் தலையில் கேமராவை மாட்டி மையர்ஸ் வீட்டுக்குள் விட்டு இணையத்தில் நேரலையாக ஓட்டுகிறார்கள். அபத்தம்தான். ஆனால் ஒரு விஷயம் கவனித்தீர்களா? வீட்டுக்குள் மைக்கேலின் 'கொடூரமான குழந்தைப் பருவத்துக்கு' ஆதாரங்கள் கிடைக்கின்றன. பிறகுதான் தெரிகிறது, அவையெல்லாம் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் வாங்கி வைத்த செட் பொருட்கள். காரணம் என்பது கடையில் வாங்கி வந்து வைக்கக்கூடிய சரக்கு என்று இந்தப் படம் சொல்கிறது. ஐந்து வருடம் கழித்து ராப் ஸாம்பி அதே சரக்கைக் கண்ணீரோடு விற்றார். இந்தப் படம் குறைந்தபட்சம் சிரித்துக்கொண்டே விற்கிறது.

8. ஹாலோவீன் கில்ஸ் (2021)

ஊரே திரண்டு "இன்றோடு தீமை ஒழியும்" என்று கோஷம் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் ஓடுகிறது. தவறான ஆளைத் துரத்துகிறது. அவன் மாடியிலிருந்து விழுந்து சாகிறான். கோஷம்தான் படம் முழுக்க, காது வலிக்கிறது. ஆனாலும் ஒரு நல்ல காரியம் செய்கிறது: அவன் உன்னைத் தேடி வரவே இல்லை என்பதை லாரிக்குச் சொல்கிறது. இதைச் சொல்ல 40 வருடம் ஆகியிருக்கிறது.

7. ஹாலோவீன் 4 (1988)

பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் ஜேமியைச் சூழ்ந்துகொண்டு, உன் மாமன்தானே பூச்சாண்டி என்று கேலி செய்யும் காட்சிக்காக இதை இங்கே வைக்கிறேன். தங்கைக் கதையை ஏற்றுக்கொண்ட படம்தான். ஆனால் உறவு என்பதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

6. ஹாலோவீன் எச்20 (1998)

லாரி வேறு பெயரில், வேறு மாநிலத்தில், ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை. ரகசியமாகக் குடிக்கிறாள், மகனை மூச்சுவிட விடாமல் காக்கிறாள். கடைசியில் தப்பித்துப் போக வழி இருந்தும் வாசல் கதவை மூடிவிட்டுக் கோடரியோடு திரும்பி நடக்கிறாள். எத்தனை முறை பார்த்தாலும் கைதட்டுவேன். அவள் திரும்பி நடக்கும்போது அவன் அண்ணனா இல்லையா என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஜேமி லீ கர்ட்டிஸ் நடிப்பாலேயே திரைக்கதையின் பொய்யை அழித்துவிடுகிறார்.

5. ஹாலோவீன் 2 (2009)

இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள். வாருங்கள். ராப் ஸாம்பி தன் முதல் படத்துக்குத் தானே எழுதிக்கொண்ட மறுப்பு இது. லாரிக்கு முகத்தில் தழும்பு, கெட்ட கனவு, எல்லோர் மீதும் எரிச்சல். யாருக்கும் பிடிக்காத பெண்ணாக ஆகிவிட்டாள். உயிர் பிழைத்தவர்கள் சினிமாவில் வருவதுபோல அழகாக அழுவதில்லை. என் அக்காவும் அந்த ஒரு வருடம் யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை, எல்லோரையும் கடித்தாள், நாங்கள் அதையும் அவள் மீதான புகாராகச் சேர்த்துக்கொண்டோம். இந்தப் படத்தில் டாக்டர் லூமிஸ் கொலைகளைப் பற்றிப் புத்தகம் எழுதி ஊர் ஊராகக் கையெழுத்துப் போட்டு விற்கிறார். தான் யாருடைய தங்கை என்பதே லாரிக்கு அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் தெரிகிறது. காரணம் சொல்கிறவனுக்கு ராயல்டி, அவளுக்கு இன்னொரு காயம்.

4. ஹாலோவீன் (2018)

டேவிட் கார்டன் கிரீன் வந்து செய்த முதல் நல்ல காரியம், அந்தப் பழைய கோப்பை டெலீட் செய்தது. கொன்றவன் அவளுடைய அண்ணன்தானே என்று ஒரு பையன் கேட்க, இல்லை, அது ஜனங்கள் கட்டிவிட்ட கதை என்கிறாள் லாரியின் பேத்தி. நான் தியேட்டரில் எழுந்து நிற்காத குறை. ஜனங்கள் கட்டிவிட்ட கதை! பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது.

இந்தப் படத்தில் காரணம் தேடுகிற எல்லோரும் சாகிறார்கள். பாட்காஸ்ட் எடுக்கும் இருவர் அவன் முன்னால் முகமூடியை நீட்டி ஏதாவது பேசு என்கிறார்கள். டாக்டர் ஒருவர் கொல்லும்போது என்ன உணர்வு என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிறார், அவனை லாரி வீட்டுப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவர்தான். கடைசி நொடியிலும் ஏதாவது சொல் என்று கெஞ்சுகிறார். அவன் சொல்வதில்லை. காலைத் தூக்கி அவர் தலையில் வைக்கிறான்.

3. ஹாலோவீன் எண்ட்ஸ் (2022)

மைக்கேல் மையர்ஸ் படத்தில் மைக்கேலே சரியாக வரவில்லை என்று ரசிகர்கள் கொதித்த படம். கோரி என்ற இளைஞன் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை ஒரு விபத்தில் இறந்துவிடுகிறது. ஊர் அவனைக் கொலைகாரன் என்று முடிவு கட்டுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அவனை அப்படியே ஆக்கியும் விடுகிறது. சமமில்லாத படம், சில இடங்களில் சிரிப்பு வரும். ஆனால் ஒரு காட்சிக்காக இதற்கு மூன்றாமிடம் கொடுப்பேன்.

லாரி கடையில் சாமான் வாங்கிவிட்டு வெளியே வருகிறாள். வாகனம் நிறுத்துமிடத்தில் ஒரு பெண் மறிக்கிறாள். அவள் சகோதரி மைக்கேலின் தாக்குதலில் உடல் முடங்கிப் போனவள். அந்தப் பெண்ணின் கோபம் முழுக்க லாரி மீது: நீதான் அவனைச் சீண்டினாய், சும்மா இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. கத்தியால் குத்தியவன் எங்கோ சாக்கடைக்குள் இருக்கிறான். குத்துப்பட்டவள் வெயிலில் பையோடு நிற்கிறாள். கைக்கு எட்டுகிறவள் அவள்தானே. 13 படங்களில் ரத்தமே சிந்தாத இந்தக் காட்சிதான் எனக்கு உண்மையாகவே வயிற்றைக் கலக்கியது.

2. ஹாலோவீன் 3: சீஸன் ஆஃப் த விட்ச் (1982)

மைக்கேல் மையர்ஸ் கிடையாது. லாரி கிடையாது. தொழிற்சாலை ஒன்று பிள்ளைகளுக்கு மூன்று வகை முகமூடி விற்கிறது: மண்டையோடு, சூனியக்காரி, பூசணி. ஒவ்வொன்றின் முத்திரையிலும் ஒரு சில்லு, அதற்குள் ஸ்டோன்ஹெஞ்ச் கல்லின் துணுக்கு. ஹாலோவீன் இரவு எல்லாப் பிள்ளைகளும் முகமூடி மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார வேண்டும். விளம்பரம் ஓடும். சிக்னல் போகும். அவ்வளவுதான், கதை முடிந்தது.

1982இல் ரசிகர்கள் ஏமாந்துபோய்த் திட்டினார்கள். இயக்குநர் டாமி லீ வாலஸ், முதல் படத்தில் வில்லியம் ஷாட்னரின் முகம் கொண்ட மலிவான கடை முகமூடியை வாங்கி, வெள்ளைப் பெயின்ட் அடித்து மைக்கேலின் முகமாக ஆக்கியவர். ஒரு முகமூடியால் என்ன செய்யலாம் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? இந்தப் படத்துக்குள் டிவியில் அந்த முதல் ஹாலோவீன் படமே விளம்பரப்படுத்தப்படுகிறது. அதைப் பார்க்கத்தான் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். என் மகன் ஐபேட் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், நான் செய்கிற வேலையில் 'எங்கேஜ்மென்ட்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், இந்தப் படம் எனக்குள் ஓடும்.

ஏன் இப்படிச் செய்கிறாய் என்று நாயகன் கேட்கிறான். தொழிற்சாலை முதலாளி காக்ரன் முதலில் சொல்வது: காரணம் வேண்டுமா என்ன? பிறகு பழைய பண்டிகை, பலி என்று ஏதோ பேசுகிறார். அது பேச்சு. அந்த முதல் பதில்தான் உண்மை. ஏன் இந்தப் பிள்ளைகள்? முகமூடி வாங்கினார்கள். முதல் படத்தின் நேர் வாரிசு இதுதான், ரத்த உறவு இல்லாத வாரிசு.

1. ஹாலோவீன் (1978)

முஸ்தஃபா அக்காத் போட்ட சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம். இல்லினாயில் நடக்கும் கதையை, வசந்த காலத்தில், கலிஃபோர்னியாவின் தெற்குப் பாசடீனாவில் எடுத்தார்கள். இலையுதிர்காலம் வேண்டுமே என்று காகித இலைகளுக்குப் பெயின்ட் அடித்துத் தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் அள்ளி அடுத்த ஷாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். ரத்தம் அநேகமாக இல்லை. ஐந்து தட்டுத் தாளத்தில் கார்ப்பென்டரே வாசித்த பியானோ. கொலைகாரனின் பெயர்கூட டைட்டிலில் 'உருவம்' என்றுதான் வருகிறது.

இதற்கும் காரணம் கண்டுபிடித்தவர்கள் உண்டு. காதலனோடு படுத்த பெண்கள் சாகிறார்கள், கன்னி பிழைக்கிறாள், ஆகவே இது ஒழுக்கம் போதிக்கும் படம் என்று வருடக்கணக்காக எழுதினார்கள். கார்ப்பென்டரும் டெப்ரா ஹில்லும் மறுத்தார்கள். மற்றவர்கள் தங்கள் ஜோலியில் இருந்தார்கள், தனியாக இருந்த லாரி கவனித்தாள், அவ்வளவுதான் என்றார் கார்ப்பென்டர். ஆனால் 'அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்' என்று கேட்கிற வாய் லேசில் மூடுமா?

ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது. அப்படியானால் காரணமே தேடக் கூடாதா? வன்முறைக்குப் பின்னால் சமூகம் இல்லையா? இருக்கிறது, தேட வேண்டும். நான் கேட்பது எங்கே தேடுகிறோம் என்பதைத்தான். சர்வர் படுத்தால் சர்வரின் லாகைப் பார்ப்போம். பெண் அடிபட்டால் பெண்ணின் லாகைப் பார்க்கிறோம். நம் ஊர்ப் பேய்ப்படங்களில் பேய்க்கு ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு, அநியாயமாகக் கொல்லப்பட்டிருக்கும், குற்றவாளிகளை மட்டும் தேடிப் பழிவாங்கும். அது வேறு, அது நீதிக்கான ஏக்கம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைப் பார்த்துப் பழகிய நாம், அடிபட்டவர் கதையிலும் ஒரு ஃப்ளாஷ்பேக் இருந்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கப் பழகிவிட்டோமோ என்று தோன்றுகிறது.

முதல் எட்டுப் படங்களுக்கும் பின்னால் இருந்த அக்காத், 2005 நவம்பரில் ஜோர்டான் தலைநகர் அம்மானில் ஓட்டல்களில் நடந்த குண்டுவெடிப்பில் தன் மகளோடு உயிரிழந்தார். குண்டு வைத்தவர்களுக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். அதில் ஒன்றுகூட அவருடையதோ அவர் மகளுடையதோ இல்லை. அவர்கள் அங்கே இருந்தார்கள்.

1978 படத்தில் நான் மறுபடி மறுபடி போய்ப் பார்க்கும் காட்சி கொலை எதுவும் இல்லை. லாரி காயத்தோடு தெருவில் ஓடுகிறாள். ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக் கத்துகிறாள். வாசல் விளக்கு எரிகிறது. உள்ளேயிருந்து யாரோ பார்க்கிறார்கள். விளக்கு அணைகிறது. 'ஏன் அவள்' என்று படம் கேட்பதே இல்லை. அந்த வீட்டு விளக்கு ஏன் அணைந்தது என்றுதான் கேட்கிறது. 12 தொடர்ச்சிகளில் பெரும்பாலானவை மைக்கேலின் வீட்டுக்குள்ளேயே திரும்பத் திரும்பப் போய் எதையோ தேடின. அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போனவை மிகச் சில.

அக்காவுக்குப் பேய்ப்படம் பிடிக்காது. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது நான் இதை எழுதிக்கொண்டிருந்தேன். என்னடா எழுதுற என்றாள். கதையைச் சொன்னேன். சாவி வைக்கப் போனதிலிருந்து சொன்னேன். அவன் யார், எதற்காக வந்தான் என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு.

"அவ கத்துனப்ப அக்கம்பக்கத்துல யாராச்சும் கதவத் தொறந்தாங்களா?"

"இல்லக்கா. லைட்டப் போட்டுப் பாத்துட்டு அணைச்சிட்டாங்க."

"அந்த பஸ் ஸ்டாப்ல டீக்கடை இருந்துச்சுல்ல," என்றாள். "நான் ரத்தத்தோட திரும்பறேன், அவரு ஷட்டர எறக்கிட்டாரு."

இத்தனை வருடத்தில் இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை.